திருப்பிக் கொடுத்த சேலை

அந்தச் சேலையைச் சண்டை போட்டு மீட்டுக் கொடுத்தவளே தினேஸ்வரிதான்.

சோதனைக்கு வந்த துணிகளை எல்லாம் குப்பைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆராய்ச்சி அலுவலகத்தையே இரண்டாக்கினாள். "எங்க ஆளுங்க வீட்டுப் பொருள்னா அவ்வளவு எளக்காரமா?" என்று கேட்டாள். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, தன் குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள். அவள் வாய்க்குப் பயந்தே எல்லாத் துணிகளும் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. புனிதாவின் அரக்குச் சேலையை அவளே கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. நிறைவாக வாழ்ந்த சுமங்கலியின் பழைய சேலையில்தான் முதலில் சுற்ற வேண்டும். சித்தியவானில் இருக்கும் புனிதாவின் மாமியார் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த சேலை அது. அதில் சுற்றிய பேரன் பவித்ரனுக்குப் பிறந்த வாரமே மஞ்சள் காமாலை முற்றிக் காது போனது. மூன்று வயதாகிறது, இன்னும் ஒரு சொல் பேசவில்லை.

பழைய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போன பிறகு ஏன் மஞ்சள் ஏறுகிறது? இதுதான் குழந்தை மருத்துவர் பெர்னார்டின் ஆராய்ச்சி. அவருக்காக வீடு வீடாக ஏறி எண்ணெய், பவுடர், துணி என்று வாங்கி வந்தவள் தினேஸ்வரி. முடிவு மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை. கேட்டால், "கட்டுரை வரட்டும்" என்பார்.

இன்று ஈப்போ ஹோட்டல் மண்டபத்தில் அந்த முடிவைச் சொல்லப் போகிறார். கடைசியில் நன்றி சொல்லப் புனிதாவையும் வரச் சொல்லியிருந்தார். நிறைமாத வயிற்றோடு வந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் பிரசவத்துக்குச் சிலிபினில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். பை காலடியில் இருந்தது.

"இதுவும் பையன்தான், ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. மாமியா நேத்தே பெட்டியத் தொறந்து சேலையக் குடுத்துட்டாங்க" என்று சிரித்தாள்.

திரையில் அதே அரக்குச் சேலை பெரிதாக எழுந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் பொழிந்தார்.

"என்னலா சொல்றாரு? என் சேலைய வேற காட்றாரு?"

தினேஸ்வரி அவள் காதருகே குனிந்தாள். "அக்கா... தம்பிக்குக் காது போனது இந்தச் சேலையாலதான். பெட்டியில போடற பூச்சி உருண்டை, உபாட் கெகாட், இதுக்குள்ள ஊறிக் கெடக்கு. அவன் ரத்தத்துக்கு அது வெஷம்."

"ஏய், அந்த உருண்டை ஆகாதுன்னு ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னப்பவே வீட்ல ஒண்ணு விடாம பொறுக்கி வீசினேன்!"

"உருண்டையத்தான் சொன்னாங்க. அதோட கெடந்த துணியச் சொல்லல."

திரை மாறியது. காரணம்: தாய்மாரின் அறியாமை. அதை தினேஸ்வரி மொழிபெயர்க்கவில்லை. புனிதா காலால் பையைத் தள்ளி வைத்தாள்.

"இவருக்கு எப்பத் தெரியும்?"

"போன தீபாவளிக்கு முன்னுக்கே. அங்க திரையில ரிப்போர்ட் தேதி போட்டிருக்கு."

"ஒனக்கு?"

"இப்பதான்க்கா. சத்தியமா."

"நீதானே வந்து வாங்கிட்டுப் போன? நீதானே கொண்டாந்து குடுத்த?"

மேடையிலிருந்து புனிதாவின் பெயரை அழைத்தார்கள். தினேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். "போக்கா. மைக்ல கேளு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி!"

"கேட்டுட்டு? பவித்ரன் காதுல மெஷின் வைக்க இவரு கையெழுத்துப் போடணும். நீ போடுவியா?"

வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். "தெரிமா காசே, டோக்டர்" என்று மலாயில் நன்றி சொன்னாள். மண்டபம் கை தட்டியது. டாக்டர் அவள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

தேநீர் மேசையில் தினேஸ்வரி அவரை மறித்தாள். "ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"கட்டுரை வராம வெளிய சொல்ல முடியாதும்மா. கிரேஜுவேட் நீ, தெரியாதா?"

"அவங்களுக்கு இந்த வாரம் பிரசவம்."

"நல்லதாப் போச்சு. இப்பத்தான் சொல்லிட்டோமே."

"இங்கிலீஷ்ல."

அவர் கரிபாப் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் புனிதா நின்றிருந்தாள். தினேஸ்வரி ஓடினாள். "வாங்கக்கா, சிலிபின்ல எறக்கி விடறேன்."

"வேணாம். கிரேப் டாக்சி வருது." பையிலிருந்து சேலையை உருவி அவள் கையில் திணித்தாள். "இந்தா. சண்ட போட்டு வாங்கினியே, நீயே வெச்சுக்க." வண்டி வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

தினேஸ்வரி சேலையைக் காரின் பின்சீட்டில் போட்டாள். கதவைச் சாத்தியதும் நெடி மூக்கில் ஏறியது. அப்போதுதான் உறைத்தது: புனிதாவின் சேலை மட்டுமா திரும்பிப் போனது? அவள் போட்ட கூச்சலில் ஒரு துணி விடாமல் போயிருந்தது. எந்த வீட்டில் எவள் முழுகாமல் இருக்கிறாளோ.

வீட்டுக்குப் போகும் சாலையை விட்டுத் தோட்டத்துப் பக்கம் காரைத் திருப்பினாள். கண்ணாடியை முழுக்க இறக்கியும் நெடி போகவில்லை. கை நீட்டித் தந்ததையெல்லாம் இப்போது எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது? முதல் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள்.

"அட, தினேசு! வா வா, டீ குடிக்கிறியா?" என்று ஒரு குரல் கேட்டது.

கொடியில் ஒரு பழைய சேலை காய்ந்துகொண்டிருந்தது.