அண்ணி போடும் முடிச்சு

கேழ்வரகுக் கதிரைக் களத்தில் பரப்பிவிட்டு, கரியப்பன் மாடுகளைக் கல் உருளையில் பூட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். அஞ்செட்டிக்கு அப்பால், காட்டை ஒட்டிய அந்த ஊருக்கு அவர் மாதம் ஒருமுறை வந்தாலே அதிகம். கார்டை அவரே படித்தார். கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்த தம்பி திம்மப்பன் சொல்ல, யாரோ எழுதியது. தை பன்னிரண்டில் தனக்குக் கல்யாணம், பெண் அங்கேயே ஜல்லி சுமக்கிறவள், பெயர் காவேரி, கூடப் பிறந்தவள் இல்லாததால் மூன்றாவது முடிச்சுப் போட அண்ணியை அவசியம் அழைத்து வர வேண்டும்.

நஞ்சம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றாள். அவர் படித்தார். 'அண்ணியை' என்ற இடத்தை மட்டும் விழுங்கிவிட்டுப் போனார். ஊருக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்பு அவளுக்குத் தாலி கட்டியவன் கரியப்பன்தான். ஆனால் பெண் கேட்டு வந்த அன்றே மாமியார் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். இருப்பது மூன்று ஏக்கர் மேட்டு நிலம். பிரித்தால் இரண்டு வீடும் பட்டினி. இரண்டு மகன்களுக்கும் சேர்த்து ஒரே மருமகள் போதும். நஞ்சம்மாவின் அப்பா ஒருநாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவளை யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படி வேறு வீடு கிடையாது. ஊர் முதலில் சிரித்தது, பிறகு பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டது. கதிர் பிடிக்கிற மாதங்களில் யானைக்குக் காவலாக ஒருவன் பரண்மீது இருந்தாக வேண்டும், மற்றவன் வீட்டில் இருப்பான். அதுவே வீட்டுக்கும் முறையாகிவிட்டது. ஆரம்பத்தில் அவள் அழுத அழுகை மாட்டுக்கொட்டகைக்குத்தான் தெரியும். அப்புறம் அழ நேரமில்லை. மூத்த இரண்டு பிள்ளைகளும் யாருடையவை என்று அவள் யோசித்ததில்லை. கடைசிப் பெண் சாந்தா மட்டும் திம்மப்பனுடையவள். கரியப்பன் கால் முறிந்து தேன்கனிக்கோட்டையில் மாமன் வீட்டில் எட்டு மாதம் கிடந்த வருஷம் வயிற்றில் தங்கியவள். அவளும் திம்மப்பனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். திம்மப்பனோ இத்தனை வருஷத்தில் நஞ்சம்மாவை நாலு பேர் முன்னால் எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. அந்தக் கார்டில்தான் முதல்முதலாக அண்ணி ஆனாள்.

"போய்த்தான் வரணும். போவலைன்னா நல்லாருக்காது" என்றான் கரியப்பன்.

"எனக்கு நல்லாருக்குதா?"

அவன் மாட்டை அதட்டினான். மாடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தேன்கனிக்கோட்டைவரை நடந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். வரிசை வரிசையாகத் தகரக் குடிசைகள். எல்லார் தலைமுடியிலும் கல்தூள். காவேரியின் அம்மா ஜோதியம்மாள் ஓடிவந்து நஞ்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களப் பத்திதான் மாப்பிள்ளை எப்பவும் பேசுவாரு. பெத்த தாய் மாதிரி வளத்தீங்களாமே!" நஞ்சம்மாவுக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல இருந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. திம்மப்பனுக்கு முப்பத்துமூன்று.

தண்ணீர்த் தொட்டியருகே அவனைத் தனியாகப் பிடித்தாள். ஆள் மெலிந்திருந்தான். அவளைப் பார்க்காமல் தொட்டியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வேலைக்குச் சேர்றப்ப பொண்டாட்டி பேரு கேட்டாங்க நஞ்சி. நான் என்னா சொல்றது?"

"எம்பேரைச் சொல்றது."

"ஓட்டு லிஸ்டுல உம்பேருக்குப் பக்கத்துல அண்ணன் பேரு இருக்குது. இப்ப சட்டம் வேற வந்துட்டுதாம், மேஸ்திரி சொன்னாரு. ஒருத்தனுக்கு ஒருத்திதான்னு."

"சட்டம் வர்றதுக்கு முன்னாடி பதினாலு வருசம் கஞ்சி ஊத்துனது யாரு?"

அவன் தலை நிமிர்ந்தான். "சாந்தா என்னை என்னான்னு கூப்புடுது, சொல்லு. அன்னைக்குக் காய்ச்சல்ல, தோள்மேல போட்டுக்கிட்டு நாலு மைல் நடந்தேன். அப்பா எங்க, அப்பா எங்கன்னுது. வாயைத் தொறந்து நாந்தான்னு சொல்ல முடியல. எனக்கும் அப்பான்னு ஒண்ணு கூப்புடணும். அவ்வளவுதான்."

அவனைத் திட்டுவதற்கென்று ராயக்கோட்டையில் பஸ் மாறியதிலிருந்தே சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. அவன்மேல் ஆத்திரப்பட்டால் மனசில் மாமியார் வந்து நின்றாள். மாமியாரைத் திட்டலாம் என்றால் மூன்று ஏக்கர் மேடு வந்து நின்றது. மண்ணை என்ன திட்டுவது? "அடுத்த போகத்துக்குப் பரண்ல யாரு ஏறுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். கேட்டபிறகு, இதையா கேட்க வந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலையில் பெண்ணுக்குத் தலை பின்ன அவளைத்தான் குடிசைக்குள் அனுப்பினார்கள். காவேரி சின்னப் பெண் இல்லை. இருபத்தைந்து இருக்கும். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. ஜோதியம்மாள் பூ வாங்கப் போனதும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அவுரு கோவக்காரருங்களா?"

நஞ்சம்மா சிக்கெடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "கோவமெல்லாம் இல்ல. காலைல எழுந்ததும் பேச்சுக் குடுக்காத, கொஞ்சம் வெயில் ஏறட்டும். களியில உப்புக் கம்மியா இருந்தாலும் சொல்ல மாட்டாரு, நீதான் பாத்துக்கணும். தூக்கத்துல பல்லைக் கடிப்பாரு. பயந்துக்காத, தோள்ல கைய வெச்சா நின்னுடும்."

சீப்பின் கீழ் காவேரியின் தலை அசையாமல் நின்றது. நஞ்சம்மாவுக்கும் அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. வெளியே யாரோ மேளத்துக்கு வார் இழுத்துத் தட்டிப் பார்த்தார்கள்.

"சாந்தான்னு ஒரு பாப்பாவைப் பத்தி தினமும் சொல்லுவாரு" என்றாள் காவேரி, திரும்பாமல்.

"அது அவுரு பொண்ணு."

சொல்லிவிட்டாள். ஊரில் எவரிடமும் சொல்லாததை, முகம்கூடச் சரியாகப் பார்த்திராத ஒருத்தியின் பின்னந்தலையிடம் சொல்லிவிட்டாள். இவள் எழுந்து கத்துவாள், கல்யாணம் நிற்கும் என்று பயந்தாள். நிற்கட்டும் என்றும் இருந்தது.

காவேரி கத்தவில்லை. "எனக்கு ரெண்டு எடம் பேசி நின்னுபோச்சுக்கா" என்றாள். "மூணாவதும் நின்னா எங்கம்மா தாங்காது. அதுங்கிட்ட சொல்லிடாதீங்க." பிறகு, "உங்களுக்கு எப்பிடிக்கா இருக்குது?" என்று கேட்டாள்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. நஞ்சம்மா பின்னலை முடித்து, ஜோதியம்மாள் கொண்டுவந்த பூவை வைத்தாள்.

பந்தல் என்பது நான்கு கம்பும் இரண்டு தார்ப்பாயும். வேலைக்குச் சங்கு ஊதுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். ஆண்கள் கூட்டத்தில் கரியப்பன் தலைப்பாகையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றிருந்தான். கெட்டிமேளம் எழும்பியது. திம்மப்பன் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான், இரண்டாவதையும் போட்டான். பிறகு ஊர் கேட்க, "அண்ணி" என்றான்.

நஞ்சம்மா பின்னால் வந்து குனிந்தாள். கழுத்தை மறைத்து விழுந்திருந்த பின்னலைக் காவேரி தானே கையால் தூக்கி முன்பக்கம் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தாள். பிடரியில் ஜல்லிக் கூடை உரசிய தடம் கறுத்துக் கிடந்தது. கயிற்றின் இரண்டு நுனிகளும் நஞ்சம்மாவின் கைக்கு வந்தன.

அட்சதை எல்லாம் விழுந்து முடிந்தது. வீசியவர்களின் கைகள் வெறுமனே நின்றன. முடிச்சு விழுந்தால்தான் மேளத்தை நிறுத்தலாம். அடிக்கிறவர் அவளுடைய விரல்களையே பார்த்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, வியர்வை மேளத்தின் தோலில் சொட்ட, அடித்துக்கொண்டே இருந்தார்.