பதிவுக் கோட்டில் ஒரு மேடு

"பெல்ட்டை மாட்டிவிடும்மா, பெட்டியில புதுசா ஒண்ணு இருக்கு," என்றார் சித்தப்பா.

மகள் அப்பாவின் கால்சட்டை வளையங்களில் பருத்திக் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தாள். விறைத்துப்போன இடுப்பைத் தூக்குவது எளிதாக இல்லை.

"வேண்டாம் சித்தப்பா. அவருக்கு இரும்பு ஆகாது."

அப்பா பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நிலையத்தில் பதிவாளர். காந்த ஊசி தொங்கும் அறைக்குள் ஒரு சாவி போனாலும் தாளில் விழும் பதிவுக் கோடு பிசகிவிடும். அதனால் பெல்ட், கைக்கடிகாரம், சாவிக்கொத்து எதையும் அவர் உடம்பில் வைத்துக்கொண்டதில்லை. நிலையத்தில் அவருக்குப் பெயரே கயிறு சார். அப்படிப்பட்ட மனிதர் சாவியோடு உள்ளே போய்ப் பதிவைக் கெடுத்தார் என்று எழுதினார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை.

இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு நண்பகல். நேராகப் போன கோடு திடீரென்று மேலே ஏறி, அரைமணி நேரம் கழித்தே இறங்கியது. சூரியனில் வெடிப்பு என்று அப்பா மன்றாடினார். வெடிப்பிலிருந்து வரும் எக்ஸ்ரே நூறு கிலோமீட்டர் உயரக் காற்றில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும். அங்கே பகலெல்லாம் ஓடும் மின்னோட்டம் சட்டென்று பெருகும். கீழே ஊசி நகரும். மற்ற நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. பழி அவர் தலையில் விடிந்தது. ஓய்வு பெறும்வரை கோப்பு அறையில் உட்காரவைத்தார்கள். அங்கேயும் கயிற்றைத்தான் கட்டிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு மேலதிகாரி மலர் வளையத்தோடு வந்தார். அன்று சாவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"ரொம்ப நேர்மையானவர்மா. அந்தப் பதிவுலகூட அவர் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுடுச்சு. பழைய கோடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒப்பிட்டுப் பார்த்தோம். பகலா இருந்த எல்லா ஊர்லயும் அதே நிமிஷம், அதே மேடு."

ஆறுதல் சொல்கிறாராம்.

"எப்போ பார்த்தீங்க?"

அவர் வளையத்தை எங்கே வைப்பது என்று தேடினார். "ஒரு ஆறு வருஷம் இருக்கும்."

போன வாரம்கூட மருத்துவமனைக் கட்டிலில் அப்பா அவளிடம் கேட்டார்: "நான் சாவி வச்சிருக்கலைன்னு உனக்காவது தெரியுமில்ல?"

"ஒரு போன் போட விரல் வலிச்சுதா சார்?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். வேலை மேல வேலை..."

"விடும்மா," என்றார் சித்தப்பா. "சாவு வீட்டுல எதுக்கு இதெல்லாம்?"

"இங்க கேக்காம வேற எங்க போய்க் கேக்கறது சித்தப்பா?"

அதற்குள் நாலு பேர் தூக்குவதற்குக் குனிந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "என்கிட்ட சொன்னதை சார் அப்பாகிட்டயும் சொல்லணும்."

தூக்க வந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். மகள் அவருக்கு இடம் விட்டுத் தலைமாட்டிலிருந்து நகர்ந்து நின்றாள். வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.