சனிக்கிழமை மெருகு

கடியப்பட்டணத்தில் ஒருவன் தன் தப்பைத் தன் வாயால் சொல்ல ஓரிடம்தான் உண்டு. அது கோயிலின் வடபுறச் சுவரோரம் நிற்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே முழந்தாளிட்டு, மர அழிக்கு இப்புறமிருந்து சாமியாரின் காதில் முணுமுணுத்தால் போதும். வெளியே வந்துவிட்டால், வலை கிழிந்தது பாறையால். கட்டுமரம் கவிழ்ந்தது காற்றால். கறியில் உப்பு கூடியது உப்பின் குணத்தால். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

கோயில்பிள்ளை ஏசுஅடிமையும் நாற்பத்தெட்டு வயதுவரை அதற்குள்தான் வாழ்ந்தார். மணியடிப்பதும், விளக்கேற்றுவதும், பீடத்துப் பித்தளைத் தண்டுகளைத் துலக்குவதும் அவர் பாடு. போன வருஷம் இன்னொரு பாடும் சேர்ந்தது: பங்குச்சாமியாரின் மோட்டார் சைக்கிள். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் பழையதாக வாங்கிய வண்டி. அது வந்த பிறகுதான், எங்கோ ஒரு குடிசையில் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆள் வந்தால், சாமியாரால் கால் மணி நேரத்தில் போய்க் கடைசி எண்ணெயான அவஸ்தை பூச முடிந்தது. அதற்கு முன்பு மாட்டுவண்டி. அது போய்ச் சேர்ந்த வீடுகளில் பெரும்பாலும் ஒப்பாரிதான் எதிரே வந்தது.

மூன்று வாரமாக வண்டிக்கு ஒரு கேடு. வாரம் முழுக்கச் சீராக ஓடும். ஞாயிறு வந்தால் திக்கும். படபடவென்று போகும்போதே எஞ்சின் இரண்டு துடிப்பு விட்டுப்போகும், பின்குழாயில் ஒரு வெடி வெடிக்கும், அப்புறம் நின்றேவிடும். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சாகக் கிடந்த இசபெல் கிழவியின் வீட்டுக்குப் போகிற வழியில் அப்படித்தான் நின்றது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினார். கிழவி காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய் பூசி முடித்த பிறகே கண்ணை மூடினாள்.

திங்கட்கிழமை காலையில் நாகர்கோவில் பஸ் ஷெட்டிலிருந்து புராட்டஸ்டண்ட் சபைக்காரரான மெக்கானிக் நேசமணி வந்தார். இது மூன்றாவது திங்களாக வருவது; போன இரண்டு தடவையும் துடைத்து ஓடவைத்துவிட்டுத்தான் போனார். சாமியார் வீட்டு முற்றத்தில் பாதி ஊர் கூடிவிட்டது.

"சனிக்கிழமை வரைக்கும் ஓடுது, ஞாயித்துக்கிழமை மட்டும் திக்குது" என்றார் நேசமணி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "வண்டி ஓய்வுநாள் ஆசரிக்குது போல."

"அப்போ அது ஒங்க சபைக்கார வண்டியாத்தான் இருக்கும்" என்றாள் மீன்கடவத்தை இறக்கி வைத்துவிட்டு நின்ற செசிலி. "எங்க சாமிக்கு ஞாயித்துக்கிழமைதான் ஓட்டம்."

நேசமணி சிரித்துக்கொண்டே பிளக்கைக் கழற்றினார். வயரோடு சேர்த்து அதை எஞ்சின் தலையில் கிடத்தி, கிக்கரை மிதித்தார். ஒரு பொறி நீலமாக வந்தது, ஒன்று மங்கலாக வந்தது, அடுத்தது வரவே இல்லை. புதுப் பிளக்கைப் போட்டார், அதுவும் அப்படியே. பெட்ரோலில் குற்றமில்லை, பிளக்கிலும் இல்லை. பொறி பிறக்கிற இடத்திலேயே, மேக்னெட்டோவில்தான் கோளாறு. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளை மூடி, பொன்போல் பளபளத்தது. அதைக் கழற்றி, உள்ளே ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு பாயிண்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் காகிதத்தை விட்டு இழுத்தார். காகிதம் கறுத்து வந்தது.

"இன்னைக்கும் கருமணல். மூடியை யாராவது தொறந்தியளா?"

ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"துரைதான் கேடு வச்சு வித்திருப்பான்" என்றாள் செசிலி. கூட்டம் நிம்மதியோடு அதை ஏற்றுக்கொண்டது.

ஏசுஅடிமை மட்டும் கறுத்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். அந்த மணலை அவருக்குத் தெரியும். மணவாளக்குறிச்சிக் கரையில் அள்ளி, துணியில் சலித்து, புளியோடு சேர்த்து அவர் சனிக்கிழமைதோறும் பீடத்துத் தண்டுகளைத் துலக்குகிற மணல் அது. மூன்று வாரமாக, தண்டுகள் முடிந்ததும், மிச்சத்தைக் கொண்டு வண்டியின் அந்தப் பித்தளை மூடியையும் கழற்றித் துலக்குகிறார். பீடத்துப் பாத்திரம்போல, உள்ளும் புறமும்.

நேசமணி தீர்ப்புச் சொன்னார்: "மூடி இறுக்கமாத்தான் இருக்கு சாமி. காத்துல மணல் போக வழியில்ல. உள்ள காந்தம் இருக்கு. கண்ணுல படாத ஏதோ சந்து வழியா கருமணலை இழுக்குது. அப்படின்னா இந்தக் கரையில இது ஓடாது. நாகர்கோவில்ல ஒரு வக்கீல் பழைய வண்டி கேக்காரு. இன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போறேன்."

சாமியார் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற வழி இல்லன்னா கொண்டுபோம்."

"சாமி" என்றார் ஏசுஅடிமை. "எனக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"இப்பவா?"

"இப்பவே."

தொட்டியின் இருட்டில் அவர் எல்லாவற்றையும் கொட்டினார். அழிக்கு அப்பால் சாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டது கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"இது பாவமே இல்லை, ஏசுஅடிமை. ஆனா முற்றத்தில் சொல்லியிருந்தா நேசமணிக்குக் கேட்டிருக்கும். இங்கே வந்து சொல்லி என் வாயைப் பூட்டிட்டியே! இனி நான் இதை வெளியே சொல்லவும் கூடாது, தெரிஞ்சவன்போல நடக்கவும் கூடாது."

"அப்போ வண்டி?"

"போகும். நீ சமாதானமாய்ப் போ."

அவர் சமாதானமாய்ப் போகவில்லை. வெளியே வந்தபோது, துடைத்துச் சுத்தமான வண்டி ஒரு துடிப்புகூடத் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நேசமணி இருக்கையில் ஏறி அமர்ந்திருந்தார். பின்னால் வந்த சாமியார் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். உதட்டை அவர் கடித்திருந்தது ஏசுஅடிமையின் கண்ணில் பட்டது. அடுத்த இசபெல் எவளோ, மாட்டுவண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் காத்துக் கிடப்பாள்?

ஏசுஅடிமை முன்சக்கரத்தின் எதிரே போய் நின்று ஏதோ சொன்னார்.

"என்ன? கேக்கல!" நேசமணி எஞ்சினை அணைத்தார்.

சத்தம் அடங்கிய முற்றத்தில் அத்தனை முகங்களும் அவரை நோக்கித் திரும்பின. ஏசுஅடிமை பித்தளை மூடியைச் சுட்டிக் காட்டினார்.

"மூடியைத் தொறந்தது நான். சனிக்கிழமைதோறும் கழத்தி, கருமணல் போட்டுத் தொலக்கி மாட்டினது எனக்க கையாலதான். சந்தும் இல்ல, துரையும் இல்ல. தப்பு எனக்கது."

செசிலி வாயைப் பொத்திக்கொண்டாள். நேசமணி மெல்ல வண்டியிலிருந்து இறங்கினார்.

"வெளிய தொலக்கினீரு, சரி. மூடிக்கு உள்ள யாரு வேய் பாக்கப் போறா?"

"ஆண்டவரு பாப்பாருல்லா?"

சாமியார் படியில் உட்கார்ந்து, அங்கியின் கைப்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்கமாட்டாமல் சிரித்தார். "வக்கீல் வேற வண்டி பாக்கட்டும், நேசமணி!"

ஏசுஅடிமைக்கு நெஞ்சு லேசாயிற்று. இவ்வளவு லேசான காரியமா இது? கூட்டம் இன்னும் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்தார். யாரும் கேட்காமலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"போன பெருநாளைக்கு மணி பிந்தினதும் காத்துனால இல்ல. நான் ஒறங்கிப்போனேன்."