வாத்துத் தடம்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனவர்கள் ஈரத்துணியோடு திரும்பி, உச்சிமாகாளியின் தலைமாட்டில் குடத்தை இறக்கிய நேரம் பார்த்துப் பேரன் வீறிட்டான். பேரப்பிள்ளைகள் பிடிக்கிற நெய்ப்பந்தத்துக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. ஏழு மாதப் பிள்ளை. ஈறு தடித்து, அகப்பட்டதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகிற பருவம். அவனைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுப் பார்த்தாள் அவனைப் பெற்ற சுகிர்தம். அடங்கவில்லை.

“ஏலே, தாத்தாவ இப்படியா அனுப்பி வைக்கது?” என்றபடி அவளுடைய சித்தப்பா சிவசைலம் உள்ளே போய், மூலையில் கிடந்த சாக்கிலிருந்து ஒரு மஞ்சள் வாத்தை எடுத்து வந்தான். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் உச்சிமாகாளிக்குப் பொம்மைக் கடை. போன சீசனில் மிஞ்சிய சரக்கு அது. காலையில் அதைத் துடைக்க உட்கார்ந்தவர்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

வாத்தின் தலையை வாயில் வைத்ததும் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

“பாத்தியளா, வியாபாரி பேரன!” என்றாள் அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி. இழவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

அழுது ஓய்ந்து சுவரோடு சாய்ந்திருந்த அவர் மனைவி ஆவுடைத்தாய் எழுந்தாள். கால் மரத்திருந்தது. தாங்கித் தாங்கி வந்து, பேரன் வாயிலிருந்து வாத்தைப் பிடுங்கி, முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்தாள். பிள்ளை மறுபடியும் வீறிட்டது.

“யம்மா!” என்றாள் சுகிர்தம். “ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் வித்தாரே, எனக்கு ஒரு பொம்ம தந்திருப்பாரா? கேட்டா, அது விக்கிற சாமானும்பாரு. இப்ப அவரு செத்துக் கெடக்கையில நீ பிடுங்குத. அப்படி என்ன கஞ்சத்தனம்?”

ஆவுடைத்தாய் கையில் வாத்து பிசுபிசுத்தது. கோடை முழுக்கச் சாக்கில் கிடந்தால் அப்படித்தான், எண்ணெய் கசியும். அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து, பவுடர் பூசித்தான் கடைக்கு எடுத்துப்போவார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தரம் சோப்புப் போடாமல் மகளைத் தூக்கமாட்டார். “பிள்ள வாயில வச்சிரப்பிடாது ஆவுட. என்னமோ எறங்குது இதுலருந்து. என்னன்னு சொல்லத் தெரியல,” என்றார் ஒருநாள். பிறகு ஏன் விற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் அடுத்த பொம்மையை எடுத்துக்கொண்டார்.

இப்போது அதைச் சொல்லலாம். ஆனால் ஜாஹிரா பீவியின் பிள்ளைகள் மூன்றும் அவர் கடைப் பொம்மையைக் கடித்துப் பல் முளைத்தவை. சொல்லாவிட்டால், பெற்ற மகளுக்கு அவர் கஞ்சனாகவே போய்ச் சேருவார். பெஞ்சில் கிடந்தவரின் தாடைக்கட்டைப் பார்த்தாள். அவசரத்தில் ரேடியோவை மூடியிருந்த துணியைத்தான் கிழித்துக் கட்டியிருந்தாள்.

“பந்தத்தக் கொளுத்துங்க. நேரமாவுது,” என்றாள்.

அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் பந்தம் சுற்றினார்கள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வாத்து அதுவரை இடுப்பிலேயே செருகியிருந்தது. வைக்க வேறு இடம் தோன்றாமல் ஆவுடைத்தாய் அதை ரேடியோவின் மேல் வைத்தாள். மேல்மூடியில், பிளாஸ்டிக் இளகி உறைந்தாற்போல் ஒரு பள்ளம் இருந்தது. வாத்து அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

சுகிர்தம் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். வாத்தை எடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

“இதென்னம்மா, சூடு பட்டுச்சா?”

“இல்ல. நீ சின்னப் பிள்ளையா இருக்கையில, இதுமாதிரி ஒண்ணு ஒரு கோட பூரா அதுமேல கெடந்துச்சு. எடுத்துப் பாத்தா இப்படி.”

“அப்பாதான் துணி போட்டு மூடுனாரா?”

ஆவுடைத்தாய் பேரனைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு நடந்தாள். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, மூடியிருந்த அவன் கையைப் பிரித்து, விரல் விரலாகச் சோப்புப் போட்டாள். சுகிர்தம் பின்னாலேயே வந்து செம்பால் தண்ணீர் ஊற்றினாள்.

அதற்குள் ஆண்கள் திரும்பியிருந்தார்கள். “மதினி, தரையெல்லாம் ஈரம், சாக்கு நனையுது பாருங்க,” என்று உள்ளேயிருந்து சிவசைலத்தின் குரல் வந்தது. “சாரலும் விழுந்தாச்சு, சீசன் தொடங்கிரும். கடைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய.”

சிமெண்டுத் தரையில் சாக்கு இழுபடுகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் மறுபடியும் சோப்பை எடுத்தாள். சுகிர்தம் ஒன்றும் கேட்காமல் செம்பை வாளியில் முக்கினாள்.