சண்டைக்கு ஒரு புத்தகம்

தம்பி அக்காவுக்குத் தர வேண்டிய கடன் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். வண்டி ரிப்பேருக்கென்று வாங்கிப் போனவன், ஒரு வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். அன்று அவனுக்குச் சம்பளம் கைக்கு வந்ததும், அக்கா அவனைக் கையோடு புத்தகக் கடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

பகலெல்லாம் செங்கல் சுமக்கிறவள். முப்பது வயசில் மாலைப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவள், இப்போது அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறாள். பின்காலனிய இலக்கியம் பற்றி ஆறு பக்கக் கட்டுரை எழுதி அனுப்பவேண்டும். தேறாவிட்டால் இந்த வருஷம் வீண். தம்பி தரும் கடன் பணத்தில் வாங்க முடிந்தது ஒரு புத்தகம். கடைக்காரர் எடுத்துப் போட்டதோ இரண்டு: ஒன்று ஒல்லி, ஒன்று தடி.

முதுகு கடுத்தது. முக்காலியில் உட்கார்ந்து ஒல்லிப் புத்தகத்தைப் பிரித்தாள். தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் பாடினார்கள், கங்காணியை ஏசினார்கள், அதுவும் இலக்கியம்தான் என்றது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

“பிடிச்சிருக்குல்ல? விலையும் தொள்ளாயிரம்தான்,” என்றான் தம்பி. “மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்க்கா.”

“சும்மா இருடா.”

தடிப் புத்தகத்தைத் திறந்தாள். ‘கூலிகள் ஊமைகள். அவர்களுக்காக எழுத்தாளர்களே பேசினார்கள்.’ விரல் வைத்து மறுபடி படித்தாள். முகம் சிவந்தது.

“ஊமையாம்டா! சாரத்துல ஏறினா நாங்க என்னிக்காவது வாய மூடியிருக்கோமா? மேஸ்திரியக் கிழிச்சே நாலு மாடி கட்டிடுவோம்!”

கடைக்காரர் சிரித்தார். “அப்ப ஒல்லியா இருக்கறதையே கட்டிடட்டுமாம்மா?”

அக்கா ‘இருங்க’ என்று கைகாட்டினாள். தடிப் புத்தகத்தில் இன்னும் இரண்டு பக்கம் போனாள். எழுதியவன் மடையனில்லை. அடுக்கடுக்காகக் காரணம் சொல்லியிருந்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடவேண்டும் போலிருந்தது.

“இது வேணும்.”

“திட்டிட்டு அதையே வாங்குறியே! கிறுக்கா உனக்கு?”

“அந்த ஒல்லிப் புத்தகம் நான் நினைச்சதையே சொல்லுது. ஆமா ஆமான்னு தலையாட்டி ஆறு பக்கம் எழுதவா? இவனுக்குப் பதில் சொல்லணும்னா என் வாய் தானா திறக்கும்.”

“எவ்வளவு?” என்றான் தம்பி, பயந்துகொண்டே.

“ஆயிரத்து முந்நூத்தம்பது,” என்றார் கடைக்காரர்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை, பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவன் போல, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

தெருவில் இறங்கியதும் கேட்டான்: “கணக்குத் தீந்துச்சாக்கா?”

“தீந்துது,” என்று பையை அவன் தோளில் மாட்டினாள் அக்கா. “நீ தூக்கிட்டு வா. நான் இன்னிக்கு நிறையச் சுமந்துட்டேன். போனதும் எழுதணும்.”