தணிகாசலத்தின் மழை

தகரத்தின் மேல் தண்ணீர் கொட்டுகிறது, தடதடவென்று, ஜன்னலை ஒட்டி, எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் கோமளாவின் கண் இப்போதும் கட்டிலைத்தான் தேடுகிறது, கட்டிலில் தணிகாசலம் படுத்திருக்கிறார், இல்லை, எங்கே படுத்திருக்கிறார், அவர் போய் இது இரண்டாவது கத்திரி வெயில், ஆனாலும் படுத்திருக்கிறார், மழையா அது கோமு என்று கேட்கிறார், அவளும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, பாழாய்ப்போன வெயில், அதிலும் காற்றே அசையாமல் புழுங்கித் தள்ளிய வருஷம் அது, தினமும் சாயங்காலம் மேகம் திரண்டு வந்து ஆசை காட்டிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், இஞ்சின் சூடு காலைப் பொசுக்க, நடுவழியில் இறங்க முடியாதே என்று தாகத்தை அடக்கி அடக்கியே ஸ்டியரிங்கைப் பிடித்தவர், கடைசியில் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன, இனிமேல் தண்ணீர் அளந்துதான் என்றுவிட்டார் டாக்டர், அந்த வெயிலில் ஒரு டம்ளரை நாள் முழுக்க வைத்துக்கொண்டு நாக்கை நனைக்கிற மனுஷனை எந்தப் பெண்டாட்டிதான் பார்த்துத் தாங்குவாள். அப்புறம் உடம்பு எந்த வைத்தியத்தையும் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அவர் கேட்டதோ சோறில்லை, சொந்தபந்தமில்லை, ஒரு மழைய பாத்துட்டா போதும் கோமு, நிம்மதியா போயிடுவேன் என்பார், போறேன் வரேன்னு பேசாதீங்க, வாயைக் கழுவுங்க என்று அவள் சிடுசிடுப்பாள், கழுவறதுக்கு நீதான் தண்ணி தர மாட்டியே என்று அவர் சிரிப்பார், அவளுக்கும் சிரிப்பு வரும், சமையலறைக்குப் போய் அழுவாள்.

மொட்டை மாடியில் தண்ணீர் கட்டுவது அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான், மழைத்தண்ணீர் இறங்குகிற ஓட்டையில் பழைய கைலியைத் திணித்து, குடம் குடமாக ஊற்றிக் கணுக்கால் அளவுக்கு நிறுத்திவிட்டால் கீழே அறை கொஞ்சம் தணியும், சாயங்காலத்துக்குள் அதுவும் கொதித்துவிடும், திறந்துவிட்டு வேறு ஊற்ற வேண்டும். அன்றைக்குக் கரண்ட் இல்லை, அவள் விசிறிக்கொண்டிருந்தாள், வானம் இருட்டிக்கொண்டு நின்றது, மேலே கொழுந்தன் ஏகாம்பரம் கைலியை உருவிவிட்டான், தண்ணீர் மொத்தமும் ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற தகரக் கூரையில் கொட்டியது, மயங்கிக் கிடந்தவர் கண்ணைத் திறந்தார், மழையா அது, கோமு, மழையா. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள்தான், அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வாள், ஆமாங்க, நல்ல மழை என்றாள். கையில புடிச்சிட்டு வா என்றார். ஓடிப்போய் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள், தண்ணீர் சுட்டது, காய்ச்சி இறக்கிய வெந்நீர் மாதிரி, ஐயோ கடவுளே, இதையா அவர் நெற்றியில் வைப்பது, மூலையில் இருந்த மண்பானைக்குள் கையை முக்கி, குளிரட்டும் என்று கொஞ்சம் வைத்திருந்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நெற்றியில், கன்னத்தில், வெடித்த உதட்டில் தடவினாள், சில்லுனு கீது கோமு என்றார், தெருவுல பசங்க ஆடுதுங்களா என்றார், ஆடுதுங்க என்றாள், மாடித் தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மெலிந்து நின்றுபோனது, விட்டுட்டுதா என்று கேட்டுவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்திருந்தாள், அவர் கேட்கவில்லை, கேட்க அவர் இல்லை.

மறுநாள் தெருவில் பந்தல், வெந்தே வாழ்ந்தவர் ஐஸ் பெட்டிக்குள் குளிரக் குளிரக் கிடக்கிறார், மனசு குளிரத்தானே அனுப்பி வச்சீங்க அண்ணி என்று ஏகாம்பரம் சொல்லிச் சொல்லி அழுகிறான், அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை பொய்யாகவா இருக்க வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எடுக்கப்போகிற நேரத்தில் ஒரு காற்று, பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது, பின்னாலேயே கொட்டியது மழை, மழையா அது, எதிர்வீடு தெரியவில்லை, எல்லோரும் சிதறி ஓடினார்கள், அடப்பாவி மழையே, நேற்று வந்திருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும். பெட்டிய உள்ள தூக்கிடலாம் அண்ணி என்று ஏகாம்பரம் ஓடிவருகிறான், வேணாம், மூடியத் தொற என்கிறாள், நனைஞ்சிடுவாரு அண்ணி, தொறடா என்று கத்துகிறாள், கொழுந்தனை ஒருநாளும் டா போட்டுப் பேசாதவள். அவன் திறந்தான். நெற்றி விபூதி கரைந்து காதோரம் வழிய வழிய, அவள் குனிந்து, நேத்து பேஞ்சது மழையில்லீங்க, இதாங்க மழை, கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்க என்றாள்.