அரசி கழுத்தில் நைலோன் நூல்

லோஜினி நாடகத்தில் அரசியாக நடிக்க அவள் அம்மா கமலேஸ்வரி சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையோடுதான். பறங்கியரோடு பொருதி மாண்ட அரசனின் கதை அது. திருகோணமலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் யாராவது அடிக்கடி மேடையேற்றும் பழைய சரித்திர நாடகம். இரண்டாம் காட்சியில் அரசன் அரசிக்குத் தாலி கட்டவேண்டும்.

"கட்டட்டும். ஆனா ரெண்டு முடிச்சோட நிக்கவேணும். மூண்டாவது விழுந்தா அது நடிப்பில்லை, கலியாணம்" என்று இயக்குநர் நஸ்ரி சேருக்கு அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். சேரும் சிரிக்காமல் "ஓம் அம்மா" என்றார்.

அரசன் இராகுலன், சல்லிக் கடற்கரையில் மீன்பிடி வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனைப் பற்றி அம்மாவிடம் சொல்ல லோஜினி மூன்று மாதமாக வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள். இன்றைக்கு நாடகம் முடிந்ததும் சொல்லியே தீருவது என்று, முகப்பூச்சு வியர்வையில் வழிய வழிய முடிவெடுத்தாள்.

ஒத்திகையில் மஞ்சள் கயிறு இரண்டு தரம் அறுந்துபோனதால், இராகுலன் கிழிந்த வலை பொத்தும் நைலோன் நூலை மஞ்சளில் தோய்த்துக் கொண்டுவந்திருந்தான். மேளம் முழங்கியது. முன்வரிசையில் அம்மா முடிச்சை எண்ண விரலை மடக்கத் தயாரானார். ஒன்று. இரண்டு. லோஜினியின் தலைப்பூ மணத்தில் இராகுலனின் புத்தி எங்கோ போய்விட, கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. வள்ளம் கட்டிப் பழகிய கை இரண்டோடு நிற்குமா? மூன்றாவதையும் போட்டு, பல்லால் கடித்து இறுக்கியும் விட்டான்.

"ஐயோ" என்றான் அரசன், அவள் காதுக்குள்.

அம்மா விருட்டென்று எழுந்தார். மரியாதைக்கு எழும்புகிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர்களும் எழும்பிக் கைதட்டினார்கள்.

கடைசிக் காட்சி. அரசன் விழுந்து கிடந்தான். அரசி தாலியை அறுத்துப் பறங்கித் தளபதியின் முகத்தில் எறியவேண்டும். லோஜினி இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தளபதி ஸப்வான் முகத்தை நீட்டியபடி காத்து நின்றான்.

"எறி தங்கச்சி" என்றான், ஒட்டுமீசைக்குள்.

"வருகுதில்லை!"

"கெதியா! மீசை கழருது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செத்த அரசனின் வயிறும் குலுங்கியது. அதைக் கண்டதும் லோஜினிக்கு எங்கிருந்தோ ஒரு துணிவு பொங்கியது.

"என் தாலி அறாது! என் அரசன் சாகவில்லை!"

இராகுலன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதையும். வாளைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"கப்பலுக்கு ஓடுங்கடா!" என்று கத்திய ஸப்வான், மேடையிலிருந்து குதித்து மண்டபத்தை விட்டே ஓடினான். விசில் கூரையைப் பிளந்தது. நஸ்ரி சேர் திரைக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார்.

அம்மா புயலாக மேடைக்குப் பின்னால் வந்தார். சேர் கத்தரிக்கோலோடு எதிரே ஓடினார்.

"ஒரு நிமிசம் அம்மா, இப்ப வெட்டிவிடுறன்."

"வெட்டுறதோ! தாலியில கத்தரி வைக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே சேர்?"

"இது வலைநூல் அம்மா."

"என்ன நூலெண்டாலும் மூண்டு முடிச்சு விழுந்திட்டுது. கட்டினவரே அவிழ்க்கட்டும்."

கட்டினவர் கிரீடம் சரியக் குனிந்தார். முடிச்சு அசைவதாக இல்லை.

"ஆடாதையும்."

"கூசுது!"

ஒரு மயிர்கூடச் சிக்காமல் அவன் கூந்தலை ஒதுக்கிய பதனத்தை அம்மா பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சிவந்துபோயிருந்த மகளின் முகத்தையும் பார்த்தார். மெல்ல அரசனின் கதிரையில் உட்கார்ந்தார்.

"எத்தினை நாளா பிள்ளை?"

மனப்பாடம் செய்திருந்த பெரிய வசனமெல்லாம் பறந்துபோனது.

"மூண்டு மாசம்" என்றாள் லோஜினி.

அம்மா பெருமூச்சு விட்டார்.

"தம்பி, உம்மட அம்மா வந்திருக்கிறாவோ?"

"ஓம், பின்வரிசையில."

"கூட்டிக்கொண்டு வாரும். அவிழ்க்கிறதோ வேண்டாமோ எண்டு நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறம்."

முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, கிரீடத்தோடேயே ஓடினான் இராகுலன்.